அகரவரிசை யார் பொறுப்பு?

வ. புதுப்பட்டியிலும் அதனைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் உழவர் வழங்கும் சொற்களைத் திரட்டும் பணியில் நம் மாணவர் சிலர் சென்ற ஆண்டு ஈடுபட்டிருந்தனர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பிளவக்கல் அணை நீரையும் கண்மாய்களையும் நம்பி நெல்லும் தென்னையும் விளையும் பகுதி இது. மடை, கலுங்கு, மறுகால் என்று நீரைச் சுற்றியே ஒரு சொற்குடும்பம் இங்கு உண்டு. சில நூறு சொற்கள் சேர்ந்ததும் அவற்றை அகரவரிசைப்படுத்தி அச்சிட வேண்டியதாயிற்று. கணிப்பொறித் துறையில் பயிலும் மாணவர் ஒருவர் ஜாவா மொழியில் சிறு நிரல் ஒன்றை எழுதி, நொடிப்பொழுதில் பட்டியலைத் தந்தார்.

பட்டியலில் மகரச் சொற்கள் இப்படி இருந்தன: மடை, மண், மனை, மரம், மறுகால், மலை, மழை. தமிழ் நெடுங்கணக்கு அறிந்த பள்ளிப் பிள்ளையும் இதனை ஏற்காது. மடை, மண், மரம், மலை, மழை, மறுகால், மனை என்பதே முறை. ‘அக்கா’ என்ற சொல்லோ ‘அகம்’ என்ற சொல்லுக்குப் பின்னே கிடந்தது. எந்தத் தமிழ் அகராதியில் அப்படிக் கண்டோம்?

இதனைச் சுட்டிக்காட்டியபோது மூன்று விடைகள் கிடைத்தன. “கணிப்பொறி அப்படித்தான் அடுக்கும் ஐயா, இனி இதுவே வரிசை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்” என்றார் மாணவர். தமிழ்ப்பற்று மிக்க நண்பர் ஒருவர், “யூனிகோடு என்ற குறியேற்றமே நம்மை ஏமாற்ற வந்தது. அதைத் தூக்கி எறிந்தாலன்றித் தமிழுக்கு விடிவில்லை” என்றார். நம்மைப் போலவே தமிழ் கற்பிக்கும் இன்னொருவர், “இது கணிப்பொறிக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை, நமக்கேன் வம்பு?” என்று முடித்துக்கொண்டார். இம்மூன்றையும் மறுப்பதற்காகவே இக்கட்டுரை. மூன்றுக்கும் வேர் ஒன்றே என்பது நம் கருத்து. எழுத்து இருக்கும் இடமே எழுத்தின் வரிசை என்ற மயக்கந்தான் அவ்வேர்.

முதலில் பிழை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். யூனிகோடு 1991இல் வெளிவந்தபோது, தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டது. அக்கட்டத்தின் அடுக்கு, இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே அச்சில் 1988இல் வகுக்கப்பட்ட ‘இஸ்கி’ என்னும் குறியேற்றத்திலிருந்து வந்தது. இஸ்கியின் அச்சு தேவநாகரியை ஒட்டியது. ஆகவே ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ள-வை அடுத்து ழ, எல்லாவற்றுக்கும் பின்னே வ என்று தமிழ் எழுத்துகள் அமர்த்தப்பட்டன. அகரமேறிய ‘க’ அடிப்படை வடிவமாகவும், புள்ளி அதன்பின் வந்து ஒட்டும் குறியாகவும் கொள்ளப்பட்டன. புள்ளிக்குரிய எண் உயிர்க்குறிகளின் எண்களுக்கெல்லாம் பிற்பட்டது. அதனால் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல், ‘கௌ’வுக்கும் பின்னே ‘க்’கை வைக்கிறது. நம் இலக்கணமோ மெய்யை முதலாகக் கொண்டு, அதன்மேல் உயிர் ஏறுவதாகச் சொல்வது. ஆக, குறியேற்றத்தின் எண்வரிசை தமிழ் வரிசையன்று. அதில் ஐயமில்லை.

ஆனால் எண்வரிசையைத்தான் பின்பற்ற வேண்டும் என்று எவர் சொன்னார்? ஊர்க் கண்மாயின் ஆயக்கட்டில் எந்த வயல் எங்கே கிடக்கிறது என்பது ஒன்று. எந்த வயலுக்கு எப்போது நீர் பாயும் என்னும் முறை வேறொன்று. முறை சரியில்லை என்பதற்காக வயல்களைப் பெயர்த்து நடுவார் உண்டோ? அவ்வாறே முறை என ஒன்று தேவையே இல்லை, மடைக்கு அருகிலிருப்பவன் முதலில் பாய்ச்சிக்கொள்ளட்டும் என்பாரும் உண்டோ? மாணவரின் விடை பின்னது. பற்றாளரின் விடை முன்னது.

வரிசைப்படுத்தும் விதியைத் தனியே எழுதி நிரலிடம் ஒப்படைக்கும் வழி ஜாவாவில் 1998 முதலே இருந்தது. அவ்வாண்டு வெளியான 1.2ஆம் பதிப்பில் ‘கலெக்‌ஷன்ஸ்’ என்னும் நூலகம் சேர்ந்தது. நூலகம் என்பது இங்கே பலரும் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்களின் தொகுதி. பட்டியல், கணம், அகராதி போன்ற அமைப்புகளை அது தந்தது. பட்டியலை அடுக்கும்போது, இரண்டு பொருள்களில் எது முந்தியது என்று தீர்ப்புச் சொல்லும் ஒப்பீட்டாளரை நாமே அனுப்பலாம். ‘கம்பேரேட்டர்’ என்பது அதன் பெயர். அது ஓர் இடைமுகம். அதாவது, இன்ன பெயரில் இன்ன செயலைச் செய்து தருவேன் என்னும் உடன்படிக்கை.

இடையூறு எங்கே என்றால், அக்கால ஜாவாவில் செயல் தனித்துச் செல்ல இயலாது. ஒரு பெயரின் தோளில் ஏறியே அது செல்ல வேண்டும். ஒப்பிடுதல் என்ற ஒரே செயலை அனுப்புவதற்கு, ஒப்பிடுபவன் ஒருவனை உருவாக்கி, அவனுக்கு வகுப்பு என்னும் மேலாடை போர்த்தி, உள்ளே ஒரு செயற்கூற்றை வைத்து, அடைப்புக்குறிகளை மூடி அனுப்ப வேண்டும். சொல்ல வந்த விதி ஒரு வரி, சடங்கு நான்கைந்து வரி. தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இது வியப்பாக இருக்கும். நம் மொழியில் வினை தொழிற்பெயராகி, வேற்றுமை உருபும் ஏற்று, எங்கும் தடையின்றிச் செல்லும். ‘ஒப்பிடலைக் கற்றான்’ என்று சொல்ல ஒப்பிடுபவனைத் தேடி அலைய வேண்டியதில்லை.

நம் மாணவரிடம், “ஒப்பீட்டாளரை நீ படிக்கவில்லையா?” என்று கேட்டோம். “படித்தோம் ஐயா. தேர்வுக்கு மனப்பாடம் செய்து எழுதினோம். அத்தனை வரி எதற்கு என்று விட்டுவிட்டேன்” என்றார். இந்த விடைதான் நம்மைத் தைத்தது. தமிழ் வரிசை கணிப்பொறிக்கு இயலாதது அன்று. அதைச் சொல்லும் வழி சடங்காகிவிட்டபடியால், சிற்றூர்ப் பிள்ளை அதைத் தேர்வுத்தாளில் இறக்கிவைத்துவிட்டு வந்துவிட்டது.

இச்சடங்கைக் குறைத்த சீர்திருத்தம் நடந்து ஆண்டுகள் பல ஆயின. 2014 மார்ச்சு மாதம் வெளியான ஜாவா 8இல் லாம்டா தொடர் சேர்க்கப்பட்டது. லாம்டா என்பது கிரேக்க எழுத்து ஒன்றின் பெயர். 1930களில் அலோன்சோ சர்ச் என்னும் அமெரிக்கத் தருக்கவியலறிஞர், பெயரிடாமலே ஒரு சார்பைக் குறிக்க அவ்வெழுத்தைக் கையாண்டார். அதுவே நிரல்மொழிகளுக்கு வழக்காயிற்று. ஜாவாவில் அதன் வடிவம் எளிது. இடப்பக்கம் உள்ளீடுகள், நடுவே ஓர் அம்புக்குறி, வலப்பக்கம் விதி. ஒப்பிடுபவன் மறைந்தான், ஒப்பிடல் எஞ்சியது.

ஆனால் நாம் வாசகர் முன் வைக்க விரும்புவது லாம்டாவின் அழகையன்று. அதற்காக நூலகம் திருத்தப்பட்ட முறையையே. மொழியில் புதிய தொடர் வந்துவிட்டால் போதாது. 1998இன் நூலகம் அதனை ஏற்குமாறு மாற வேண்டும். பட்டியலிடமே ‘உன்னை இவ்விதிப்படி அடுக்கிக்கொள்’ என்று சொல்ல முடிய வேண்டும். அதற்கு இடைமுகங்களில் புதிய செயல்களைச் சேர்க்க வேண்டும். இங்கேதான் சிக்கல். இடைமுகம் உடன்படிக்கை என்றோம். உலகெங்கும் எண்ணற்ற நிரலர் அதனை நம்பித் தம் வகுப்புகளை எழுதிவிட்டனர். உடன்படிக்கையில் ஒரு வரி கூடினால், அவ்வரியை நிறைவேற்றாத பழைய வகுப்புகள் மறுபடி தொகுக்கப்படும்போது பிழையென்று தள்ளப்படும்.

பழையதைக் கைவிட்டு முற்றிலும் புதிய நூலகம் ஒன்றைக் கட்டியிருக்கலாம். அப்போது உலகம் இரண்டாகப் பிளந்திருக்கும். பழையதை அப்படியே விட்டிருக்கலாம். அப்போது லாம்டா வீட்டுக்குள் நுழைய முடியாத விருந்தாளியாகத் திண்ணையிலேயே நின்றிருக்கும். பிரையன் கெட்ஸ் தலைமையில் அப்பணியைச் செய்தோர் மூன்றாவது வழியைக் கண்டனர். இடைமுகமே தன் புதிய செயலுக்கு இயல்பான விளக்கம் ஒன்றைத் தன்னிடத்தே வைத்திருக்கலாம் என்று விதியை நெகிழ்த்தினர். வேறு விளக்கம் தர விரும்பும் வகுப்பு தரலாம். தராத வகுப்புக்கு இடைமுகம் வைத்திருப்பதே பொருந்தும். பட்டியலுக்கு அடுக்கும் செயல் இவ்வாறே வந்தது. ஒப்பீட்டாளருக்கு, ‘இவ்விதியில் சமமானால் அடுத்து அவ்விதியைப் பார்’ என்று விதிகளைக் கோக்கும் செயலும் இவ்வாறே வந்தது. பழைய நிரல்கள் பழையபடியே ஓடின.

இதற்கு விலை இல்லாமற் போகவில்லை. இரண்டு இடைமுகங்கள் ஒரே செயலுக்கு வெவ்வேறு இயல்பு விளக்கம் தந்தால், இரண்டையும் ஏற்ற வகுப்பு தானே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். இடைமுகம் வெறும் உடன்படிக்கை என்றிருந்த தூய்மையும் போயிற்று. தூய்மைவாதிகள் முகஞ்சுளித்தனர். எனினும் பிறர் வீட்டை இடியாமல் தம் வீட்டுக்கு வாசல் வைக்க முடிந்தது.

தமிழில் இத்தகைய திருத்தம் முன்பே நடந்திருக்கிறது என்பதை மறந்துவிட்டோம். திவாகரம் முதலான நிகண்டுகள் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்தவை. தெய்வம், மக்கள், விலங்கு, மரம் எனத் திவாகரம் பன்னிரு தொகுதிகளாகச் செல்லும். செய்யுளாக மனப்பாடம் செய்வார்க்கு அது ஏற்ற வாயில். ஆனால் சொல் தெரிந்து பொருள் தெரியாதவன் அதற்குள் எவ்வழியே நுழைவான்? 1594இல் சிதம்பர ரேவண சித்தர் தம் அகராதி நிகண்டில் முதலெழுத்து வரிசையில் சொற்களை அடுக்கினார். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுப்பாக அமைத்தார். ஒரே சொற்கடலுக்கு நான்கு வாயில்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து அகரவரிசையை நிலைநிறுத்தியது. இவ்வளவும் நடந்தபோது எவரேனும் திவாகரத்தைக் கொளுத்தினரா? சொற்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அடுக்கும் விதி மட்டும் மாறியது. இந்த விதியை எழுதியவர்கள் எல்லாரும் தமிழறிஞர்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி பற்றாளரின் வாதத்துக்கு வருவோம். அவர் குறை கூறுவதில் உண்மை உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பொதுவான நிரலிடம் கேட்டால், மூன்று என்னாமல் ஐந்து என்கிறது. இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. இக்குறை நீங்க, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தனியெண் தரும் டேஸ்-16 என்ற குறியேற்றம் முன்வைக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்று, அதனை மாற்று ஏற்பாடாக அறிவித்தது. அதனை வகுத்தோரின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் யூனிகோடுக்குப் பதிலாக அதுவே எங்கும் வரவேண்டும் என்பாரிடம் ஒன்று கேட்கிறோம். ஈழத்திலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உலகத் தமிழர் அனைவரும் இதுவரை எழுதிக் குவித்த தமிழை யார் பெயர்த்து எழுதுவது? ஒருமுறை இடம் பெற்ற எழுத்தை நகர்த்துவதில்லை, நீக்குவதில்லை என்பது யூனிகோடின் உறுதிமொழி. அவ்வுறுதியை நம்பித்தான் நம் நூல்களெல்லாம் அதில் ஏறியிருக்கின்றன. ஜாவாவின் பழைய இடைமுகத்தைப் போல, அது இனி இடிக்கத்தக்கதன்று. இடிக்கவும் தேவையில்லை.

மேலும், எண்ணே வரிசை என்று யூனிகோடு அமைப்பே சொல்லவில்லை. வரிசைப்படுத்துவதற்கென்று தனி நெறிமுறை ஒன்றை அது வெளியிட்டிருக்கிறது. மொழிக்கு மொழி மாறும் விதிகளுக்கென ஒரு தொகுப்பும் உண்டு, அதில் தமிழுக்கும் இடமுண்டு. அதனைப் பாராமல், எண்ணை மட்டும் ஒப்பிடும் இயல்பான அடுக்கலைப் பயன்படுத்திவிட்டுத் தமிழின் மேல் பழிபோடுவது முதல் விடை. குறியேற்றத்தின் மேல் பழிபோடுவது இரண்டாவது விடை. இரண்டிலும் வேலை நடக்கவில்லை.

மூன்றாவது விடையே நமக்கு மிகுந்த வருத்தம் தருவது. இது கணிப்பொறிக்காரர் வேலை என்கிறார் தமிழாசிரியர். அவரிடம் சில வினாக்கள். மெய் முந்தியதா, அகரமேறிய உயிர்மெய் முந்தியதா? ஜகரம், ஸகரம் முதலான கிரந்த எழுத்துகள் சகரத்தோடு சேருமா, னகரத்துக்குப் பின் தனியே நிற்குமா? ‘க்ஷ’ ஓரெழுத்தா, ஈரெழுத்தா? நூலடைவில் வ. உ. சிதம்பரம் பிள்ளை, உ. வே. சாமிநாதையர், ச. வையாபுரிப் பிள்ளை ஆகியோரை முன்னெழுத்தால் அடுக்குவதா, பெயரால் அடுக்குவதா? நாம் வாழும் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். புதுப்பட்டிகள் பல இருப்பதால், வத்திராயிருப்பை அடுத்த எம்மூர் ‘வ.’ என்ற அடையோடு வழங்குகிறது. ஊர்ப் பட்டியலில் வ. புதுப்பட்டியை வகரத்தில் தேடுவதா, பகரத்தில் தேடுவதா? பகரம் என்றால், புதுப்பட்டிகளுக்குள் எது முந்தியது?

இவ்வினாக்களுக்கு விடை எந்த நிரல்மொழியிலும் இல்லை. நிரலர் இவற்றைத் தீர்மானிக்கக் கடமைப்பட்டவர் அல்லர். தீர்மானித்தாலும் தம் வசதிப்படியே தீர்மானிப்பார். அவர் நமக்குத் தந்திருப்பது வாசல் மட்டுமே. ‘முதலில் பெயரைப் பார், பெயர் ஒன்றானால் முன்னெழுத்தைப் பார்’ என்று 2014இன் நூலகத்தில் இரண்டு விதிகளை ஒரே வரியில் கோக்கலாம். அவ்வரிக்குள் எந்த விதி செல்ல வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் தமிழ் பயின்றவர். நாம் வாய் திறவாதவரை, தேவநாகரி அச்சிலிருந்து வந்த எண்களே நம் பிள்ளைகளுக்கு நெடுங்கணக்கைக் கற்பிக்கும்.

இதற்கிடையே லாம்டாவுக்குத் தமிழில் என்ன பெயர் என்ற வழக்கு வேறு நடக்கிறது. பெயரிலிச் செயற்கூறு என்பார் சிலர். கிரேக்க எழுத்தின் பெயரையே வைத்துக்கொள்ளலாம் என்பார் சிலர். பெயரில்லாமையே தன் இயல்பாகக் கொண்ட ஒன்றுக்குப் பெயர் சூட்டுவதில் நாம் காட்டும் ஊக்கத்தில் பாதியை, அதற்குள் இடவேண்டிய விதியை எழுதுவதில் காட்டியிருந்தால் நம் மாணவரின் பட்டியல் பிழைத்திருக்கும். தமிழ்நாட்டு மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணிப்பொறி அறிவியல் பாடத்தில் 2019 முதல் பைத்தான் மொழியும் அதனுள் லாம்டாவும் உள்ளன. தமிழ்வழிப் பிள்ளைகளும் அதனைப் படித்துவிட்டே கல்லூரிக்கு வருகின்றனர். ஆக, சொல் இல்லை என்பது இனிச் சாக்காகாது.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். எல்லா விதியையும் பெயரின்றி ஒரே வரியில் திணிப்பதே திறமை என்று நாம் சொல்லவில்லை. தமிழ் அகரவரிசை 247 எழுத்துகளையும் கிரந்தத்தையும் எதிர்கொள்ளும் நெடிய விதி. அதனை ஒருமுறை முழுமையாக எழுதி, பெயரிட்டு, சோதித்து வைக்க வேண்டும். பிறகு வேண்டுமிடத்தில் அதனைக் கையளிக்க ஒரு சொல் போதும். குறுகிய விதி பெயரின்றிச் செல்லட்டும், நெடிய விதி பெயரோடு செல்லட்டும். திருத்திய நூலகம் இரண்டுக்கும் வழிவிடுகிறது.

கடைசியில் நாம் என்ன செய்தோம் என்று வாசகர் கேட்கக்கூடும். மாணவரையும் அழைத்துக்கொண்டு அமர்ந்தோம். நாம் பேரகராதியைப் பார்த்து வரிசையைச் சொன்னோம், அவர் எழுதினார். சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் நெடுங்கணக்கில் உள்ள இடத்தைக் கண்டு, அவ்விடங்களை ஒப்பிடுமாறு விதி அமைந்தது. இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. மழைக்குப் பின் மறுகாலும், மறுகாலுக்குப் பின் மனையும் வந்து அமர்ந்தன. அவர் அதனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இது நான் சொன்னபடி கேட்கிறது ஐயா” என்றார்.

தமிழ்த்துறைகளுக்கு நம் வேண்டுகோள் இதுவே. ஆண்டுக்கொரு கருத்தரங்கில் கணினித்தமிழின் பெருமை பேசுவதை ஒருநாள் நிறுத்திவைப்போம். அருகிலுள்ள கணிப்பொறித் துறையின் மாணவர் ஒருவரை அழைத்து, பேரகராதியை மேசைமேல் விரித்து, நம் வரிசையை அவருக்குச் சொல்லிக்கொடுப்போம். அவர் எழுதியதை எல்லாரும் எடுத்தாளுமாறு பொதுவில் வைப்போம். சொல்ல வேண்டியவர்கள் நாமே. எழுதக் காத்திருக்கும் பிள்ளைகள் நம் வகுப்புகளுக்கு அடுத்த அறையில்தான் இருக்கிறார்கள்.